ஹேண்டில்பாரைத் திருப்பினால் எஞ்சின் ஏன் இரைகிறது? – வாசகர் கேள்வி பதில்

க்ரூஸர் வண்டிகளை, அதாவது தாழ்ந்த சீட்டில் சாய்ந்து அமர்ந்து ஓட்டும் மோட்டார் சைக்கிள்களை, பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களைப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வண்டி கொடுக்கும் தொல்லையை ஒரு பக்கம் முழுக்க விவரிக்கிறார்கள். அதற்கு முந்தைய வாரம் வண்டியில் தாங்களே எதை மாற்றினார்கள் என்பதைக் கடைசி வரியில், அதுவும் போகிற போக்கில், குறிப்பிடுகிறார்கள். விடை அநேகமாக அந்தக் கடைசி வரியில்தான் இருந்தது.

கேள்வி: என்னுடையது அவெஞ்சர் 220. போன மாதம் பழைய ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு, கை தோளுயரத்துக்கு வரும்படியான உயரமான ஒன்றை வீட்டிலேயே மாட்டினேன். இப்போது யூ டர்ன் எடுக்கும்போதெல்லாம் எஞ்சின் தானாக இரைகிறது, நேராக்கினால் அடங்கிவிடுகிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் பயனில்லை. – ஒரு வாசகர், அரியாங்குப்பம்

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரை விட்டுவிடுங்கள், அது குற்றமற்றது. ஆக்சிலரேட்டர் கேபிள் என்பது உள்ளே ஓடும் ஒரு கம்பியும் அதைச் சுற்றியுள்ள ஓர் உறையும் சேர்ந்தது. பழைய ஹேண்டில்பாரின் உயரத்துக்கு அளவெடுத்து வெட்டப்பட்ட அந்தக் கேபிளை நீங்கள் ஒரு சாண் கூடுதலாக மேலே இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள். நேராகப் போகும்போது அது எப்படியோ தாக்குப்பிடிக்கிறது. ஹேண்டில்பாரை முழுதாகத் திருப்பும்போது உறை விறைத்து, உள்ளிருக்கும் கம்பி இழுபட்டு, உங்கள் கை அசையாமலேயே ஆக்சிலரேட்டர் திறந்துகொள்கிறது. கடலூர் சாலையில் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே வண்டியைத் திருப்பும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் இதைச் சரிசெய்யும்வரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

சோதிப்பது எளிது. வண்டியை நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சற்றுச் சூடானதும், யாரையாவது பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹேண்டில்பாரை இடது கோடிக்கும், நடுவுக்கும், வலது கோடிக்கும் மெதுவாகக் கொண்டுபோய், ஒவ்வோர் இடத்திலும் பத்து விநாடி நிறுத்தி எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கள். மூன்று இடத்திலும் ஒரே சத்தம் வர வேண்டும். அதோடு, ஆக்சிலரேட்டர் பிடியைத் திருகும்போது முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது வெறுமனே சுற்றிவிட்டுப் பிறகுதான் எஞ்சின் பேசத் தொடங்க வேண்டும். அந்தத் தளர்வு இல்லையென்றால் கேபிள் விறைப்பாக இருக்கிறது என்று பொருள். சில சமயம் கேபிளைச் சட்டத்தின் மறுபக்கமாக வளைத்துக் கொண்டுவந்தாலே போதும். உங்கள் ஹேண்டில்பாரின் உயரத்துக்கு அது போதாது என்று நினைக்கிறேன். நீளமான கேபிள்தான் சரியான வழி.

ஆக்சிலரேட்டர் கேபிள் குட்டையாகிப்போனால் கிளட்ச் கேபிளும் குட்டைதான். வண்டியைத் திருப்பும்போது கிளட்ச் பாதி அழுந்தியது போலாகித் தட்டு வீணாகத் தேயும். இவ்விரண்டையும்விட எனக்குக் கவலை தருவது முன் பிரேக்கின் எண்ணெய்க் குழாய். ஹேண்டில்பாரை ஒரு கோடிக்குத் திருப்பும்போது அது விறைத்து நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். விறைத்திருந்தால் நீளமான குழாய் போட்டே ஆக வேண்டும். போட்டால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஹேண்டில்பாரின் சாய்வு மாறியதால் பிரேக் எண்ணெய் டப்பாவும் சாய்ந்திருக்கும். அதை மட்டமாக்காமல் காற்றை வெளியேற்ற முயன்றால் மாலைவரை லீவரைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். எந்த வகை எண்ணெய் என்பது டப்பாவின் மூடியிலேயே பொறித்திருக்கும். ஒரு சொட்டு டேங்கின் மேல் விழுந்தாலும் பெயின்ட் உரிந்துவிடும் என்பதால் ஈரத்துணி ஒன்றைப் போர்த்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முதன்முறையாகப் பிரேக் குழாயில் கை வைக்கிறீர்கள் என்றால் அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துவிட்டு, மெக்கானிக் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள் என்பதே என் கருத்து.

இன்னொன்று: ஹாரனும் இண்டிகேட்டரும் ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் செத்துப்போகிறதென்றால், ஹேண்டில்பாரின் கழுத்தருகே வயர் உறைக்குள்ளேயே அறுந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: 2014-இல் வாங்கிய தண்டர்பேர்டு 350. டேங்குக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கம் நெருங்கும்போது, யாரோ கழுத்தைப் பிடித்தது போல வண்டி திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஓடுகிறது. மறுபடி அதே தொல்லை. ஸ்பார்க் பிளக்கை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. – ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் கொஞ்சம் வந்து நின்றுவிடும்; எதிர் மூலையில் இன்னொரு துளை போட்டால்தான் ஒழுங்காக ஒழுகும். இது நம் வீட்டு அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெட்ரோல் டேங்குக்கும் அதே கணக்குதான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக டேங்க் மூடியில் மிக நுண்ணிய ஒரு வழி விட்டிருப்பார்கள். அந்த வழி அடைபட்டால் முதல் சில கிலோமீட்டருக்கு ஒன்றும் தெரியாது. பிறகு டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் இறங்க மறுத்து, கார்புரேட்டரின் கிண்ணம் வற்றி, வண்டி நின்றுவிடும். சற்று நேரம் நிறுத்தினால் மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே புகுந்து, மறுபடி ஓடும்.

நீங்கள் பிளக்கை மாற்றிய மூன்று முறையும் வண்டி ஓடியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிளக்கைக் கழற்றி மாட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆகிறதல்லவா, அந்தப் பத்து நிமிடம் செய்த வேலைக்கான பெயரைப் பிளக் தட்டிக்கொண்டு போயிருக்கிறது.

அடுத்த முறை வண்டி நின்றவுடன், வேறு எதையும் தொடாமல், டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளிழுக்கும் சத்தம் வந்து, ஓரிரு நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் குற்றவாளி மூடிதான். பெயின்டரோ, பிறகு பாலிஷ் போட்டவரோ, அந்தத் துளையை மூடியிருப்பார். மூடியைக் கழற்றி, அடிப்பக்கமாக வாய் வைத்து ஊதாமல், ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி ஊதிப் பாருங்கள். அடைப்பை நீக்க ஊசியோ ஆணியோ வேண்டாம், உள்ளிருக்கும் சிறு வால்வு சேதமாகும். தூண்டில் நரம்பில் ஒரு துண்டு போதும், முதுநகரில் அதற்கா பஞ்சம்? பெயின்ட் அடித்து டேங்கைத் திரும்ப மாட்டியபோது மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீரை வெளியேற்றும் ரப்பர் குழாய் அடியில் நசுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூடியில் நீங்களே துளை போட்டுவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிரேக் அடிக்கும்போது பெட்ரோல் தெறித்துச் சூடான எஞ்சின் மேல் விழும்.

மூடியைத் திறந்தும் 'உஸ்' வரவில்லை, எஞ்சின் ஆறினால்தான் ஓடுகிறது என்றால் வேறு கதை. அப்போது பிளக்குக்கு மின்சாரம் தரும், சூட்டில் தளர்ந்துபோகும் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன் டேங்கின் உட்புறத்தைச் சுரண்டியிருந்தால் துருத்தூள் பெட்ரோல் டேப்பின் வடிகட்டியில் படிந்திருக்கவும் கூடும். கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் காட்டினால், அடியில் செம்மண் போலத் துரு படிவது தெரிந்துவிடும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். மீட்டியோர் 350-இல் 55 வாட் கூடுதல் விளக்கு இரண்டு, ஒரு பெரிய ஹாரன், திருட்டைக் கண்டறியும் ஜி.பி.எஸ். கருவி எல்லாம் நானே பொருத்தினேன், ஐயா. விளக்குகளை ஹெட்லைட் வயரோடு முறுக்கி இணைத்திருக்கிறேன். இரண்டு நாள் நிறுத்திவைத்தால் செல்ஃப் 'டிக் டிக்' என்கிறது, வண்டி கிளம்புவதில்லை. பேட்டரி ஓராண்டுகூட ஆகவில்லை. – ஒரு மாணவர், லாஸ்பேட்டை

தம்பி, முதலில் அந்த முறுக்கிய இணைப்பைப் பிரித்துவிடுங்கள், இன்றைக்கே. 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட்; அதை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். ஹெட்லைட் வயரும் சுவிட்சும் ஒரே ஒரு பல்புக்காக, ஏறக்குறைய 5 ஆம்பியருக்காக, செய்யப்பட்டவை. அவற்றின் தலையில் 14 ஆம்பியரைச் சுமத்தியிருக்கிறீர்கள். பல வருடங்களுக்கு முன்பு என் மைத்துனரின் வண்டியில் நானும் இதையே செய்தேன். வில்லியனூர் போய்ச் சேர்வதற்குள் சுவிட்சுக்குள்ளிருந்து மீன் கருகியது போல ஒரு வாடை வந்தது. திறந்து பார்த்தால் மூன்று வயர்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பிரித்துக்கொண்டிருந்ததும், மைத்துனர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனதும் இன்னும் நினைவிருக்கிறது.

சரியான முறை ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பெட்டி, வைப்பதுதான். பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று நேராக ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு (30 என்று எண்ணிட்ட முனைக்கு) வர வேண்டும். அந்த வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே, ஃபியூஸ் இருக்க வேண்டும். 87-ஆம் பின்னிலிருந்து விளக்குகளுக்குப் போகும். 85, 86 ஆகிய இரண்டும் ரிலேயை இயக்குபவை; அவற்றில் ஒன்றை எர்த்துக்கும் மற்றொன்றைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு வயருக்கும், நடுவில் ஒரு சிறு சுவிட்ச் வைத்து, இணையுங்கள். பளுவை ரிலே சுமக்கும். சுவிட்ச் கட்டளை மட்டும் போடும். ஹாரனுக்கும் தனி ரிலே வேண்டும். நிறுவனம் போட்ட வயரை எங்கும் வெட்டாதீர்கள், வாரண்டி கேள்விக்குள்ளாகும்.

இதைச் செய்தாலும் வண்டி கிளம்பாத தொல்லை தீராது, ஏனென்றால் அது வேறு இடத்திலிருந்து வருகிறது. சாவியை எடுத்த பிறகும் உங்கள் ஜி.பி.எஸ். கருவி விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைத்துப் பாருங்கள். அந்த நிலையில் மறந்தும் சாவி போட்டு செல்ஃப் பட்டனை அழுத்தாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எல்லாம் அணைந்திருக்கையில் மீட்டர் சில மில்லி ஆம்பியர் காட்டினால் பரவாயில்லை. 0.2 ஆம்பியர் காட்டினால், 24 மணி நேரத்தில் 4.8 ஆம்பியர்-மணி கரைந்திருக்கும்; 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பாதிக்கும் மேல். இரண்டு நாள் என்ற உங்கள் கணக்கோடு அது பொருந்துகிறது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஜி.பி.எஸ். கருவியின் இணைப்பைப் பிடுங்குங்கள். எண் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது. விழாவிட்டால் அடுத்து ஹாரனைப் பிடுங்குங்கள்.

வோல்ட்டையும் பார்த்துவிடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி காலி. எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைச் சற்று முறுக்கினால் 13.5-க்கும் 14.5-க்கும் இடையே இருக்க வேண்டும். விளக்குகள் எல்லாவற்றையும் போட்ட பிறகு 12.8-க்குக் கீழே இறங்கினால், ஓடும்போதே பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். 2017 ஏப்ரலிலிருந்து வரும் இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது என்பதால் மிச்சம் இருக்கும் மின்சாரம் குறைவுதான். 15 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு போட்டால் 2.5 ஆம்பியரோடு போயிற்று. போட்ட பிறகு விளக்கைத் தாழ்த்திக் கட்டுங்கள். எதிரே சைக்கிளில் வருபவரும் வீடு போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: சைலன்சரை மாற்றிய பிறகு ஆக்சிலரேட்டரை விடும்போது பட்டாசு போலச் சத்தம் வருகிறது. இது எஞ்சினுக்குக் கெடுதலா? – ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

அநேகமாக எஞ்சினும் குழாயும் சேரும் இடத்தில் இடுக்கை அடைக்கும் வளையமான பழைய கேஸ்கட்டையே மீண்டும் போட்டிருப்பீர்கள். ஒருமுறை நசுங்கிய கேஸ்கட் இரண்டாம் முறை அடைக்காது. அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே புகுந்து, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் வெடிக்கிறது. இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் ஐயமே வேண்டாம். புதிய கேஸ்கட்டின் விலை சொற்பம். பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும். அந்த இடுக்குக் காற்று அதையும் ஏமாற்றி, பெட்ரோல் அளவைக் குழப்பும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒலி அளவை மீறும் வண்டியை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)-ஆம் பிரிவின்படி, முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமமும் போகும். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. நிறம் மாற்றினாலும் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். பழைய சைலன்சரைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஆசையாகப் போட்ட குரோம் எல்லாம் ஆறே மாதத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கிறது. – ஒரு வாசகி, கடலூர்

உப்புக்காற்றோடு சண்டை போட முடியாது, சகோதரி. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்த்தத்தான் முடியும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் கழுவியும் கழுவாதது போலத்தான். இப்போதுள்ள புள்ளிகளை, இட்லி பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் பெரும்பகுதி போய்விடும். உப்புத்தாள் கூடவே கூடாது. உலர்ந்த பின் மெழுகுப் பாலிஷ் போடுங்கள். பிரேக் டிஸ்க்கின் மேல் மட்டும் பாலிஷோ எண்ணெயோ பட்டுவிடக் கூடாது. குரோம் உரிந்து மேலெழும்பிய இடம் இனித் தேறாது. அதற்குக் கறுப்புப் பெயின்ட்தான், அதுவும் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: பழைய க்ரூஸர் ஒன்றை வாங்கி, பிரித்து, என் விருப்பப்படி மாற்றி ஓட்ட ஆசை. விலை மிகவும் குறைவாகச் சொல்கிறார்கள். 2024 வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்குமோ என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? – ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அடுத்த இரு நாள்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்ததும் நமக்கு மறக்கவில்லை. அப்போது இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்ற வண்டிகள் பல, பளபளப்பாகத் துடைக்கப்பட்டு, இன்று விற்பனைக்கு வருகின்றன.

மூழ்கியது மட்டுமே ஒரு வண்டியைக் கெடுப்பதில்லை. வெள்ளம் வடிந்தவுடன் ஆர்வக்கோளாறில் செல்ஃப் பட்டனை அழுத்தினார்களே, அதுதான் பலவற்றைக் கெடுத்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அதைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடோடும் சில காலம் வண்டி ஓடும் என்பதுதான் வாங்குகிறவருக்கு ஆபத்து. அன்றைக்குப் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இரண்டு மூன்று முறை மாற்றியவர்களின் வண்டிகள் இன்றும் நன்றாகவே ஓடுகின்றன. எனவே 'மூழ்கியதா?' என்று கேட்பதைவிட, 'மூழ்கிய பிறகு என்ன செய்தீர்கள், பில் இருக்கிறதா?' என்று கேளுங்கள்.

வெளியே துடைத்துவிடலாம், உள்ளே துடைக்க மறந்துவிடுவார்கள். சீட்டைக் கழற்றி, ஸ்பாஞ்சின் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி முகர்ந்து பாருங்கள். ஆற்று வண்டல் வாடை எளிதில் போகாது. அங்கேயே தெரியும் வயர் இணைப்புகளில் ஒன்றைப் பிரித்தால், செம்பு முனைகள் பச்சை பூத்திருக்கின்றனவா என்பது தெரியும். மீட்டர் கண்ணாடிக்குள் நீர்க்கோடு இருக்கலாம். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால், பேசாமல் திரும்பிவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, அச்சின் அருகே கையை வைத்தால் பேரிங்கின் கரகரப்பு உள்ளங்கைக்குத் தெரியும். கரகரத்தால் பேரிங், ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) ஆயில், ஸ்டியரிங் கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்), மூன்றுக்குமான செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள். பதிவுச் சான்றில் கடன் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதையும், காப்பீட்டில் இழப்பீடு வாங்கப்பட்டதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுபோங்கள். ஹெட்லைட் கிண்ணத்தைத் திறந்தால் அதன் அடியில், வயர்க் கொத்துக்குக் கீழே, சுத்தம் செய்யும் எவருடைய கையும் போகாத ஒரு குழிவு உண்டு. வெள்ளம் அங்கே ஒரு சிட்டிகை வண்டல் விட்டுப் போயிருக்கும். திறந்து பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.